துருக்கிச் சாப்பாடு தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கொடைக்கானலில் நல்ல துருக்கிச் சாப்பாடு எந்த ஓட்டலில் கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். ஓட்டல் பெயர் எதுவும் நான் சொல்லப்போவதில்லை. நீ தேடுகிற ருசிக்கு வேண்டிய முக்கியமான சாமான் அந்த மலையிலேயே விளைகிறது. தங்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

"கபாப் இல்லாமல் துருக்கிச் சாப்பாடா?" என்பாய். அதுதான் உன் முதல் தப்பு. கபாப் கடைத்தெருவின் பெருமை. வீட்டுச் சமையலின் உயிர் பூண்டுத் தயிர். பூண்டை உப்போடு நசுக்கிக் கெட்டித் தயிரில் கலந்து, வதக்கிய கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் ஊற்றிக்கொள்வார்கள். கறி பொதிந்து வேகவைத்த குட்டிக் கொழுக்கட்டை மாதிரி மன்த்தி என்று ஒன்று உண்டு, அதற்கும் இதுதான். நீ சென்னையில் வரிசையில் நின்று சாப்பிடும் மந்தி சோறு ஏமன் நாட்டுப் பண்டம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

அந்தத் தயிருக்குப் பூண்டு முக்கியம். துருக்கியின் வடக்கே தாஷ்கோப்ரு பூண்டுக்குப் பெரிய பேர். புவிசார் குறியீடும் உண்டு. நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் அது கிடைத்தது. நீ ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் வெள்ளை வெளேரென்று பெரிதாக இருப்பதை அள்ளிக்கொண்டு வருவாய், எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதே. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் பூம்பாறைக்குப் போ. படிப்படியாக வெட்டிய வயல்களில் விளைவதைப் பார்த்து, ஊர்க்காரர்களிடமே கேட்டு வாங்கு. கெட்டியாக, கனமாக, உரித்ததும் காரம் மூக்கில் ஏறுவதாக இருக்க வேண்டும்.

இனி அந்தப் பூண்டுத் தயிரை வைத்துச் சில்பர் என்ற துருக்கி முட்டைப் பண்டம் செய். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடு. இரண்டே பல் பூண்டை உப்போடு அம்மியிலோ உரலிலோ நசுக்கிக் கலக்கு. மிக்சியில் போட்டால் சிலசமயம் கசக்கும், சோம்பல் பார்க்காதே. கொதி அடங்கிய தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, முட்டையை உடைத்து மெதுவாக இறக்கு. வெள்ளை கெட்டியாகி மஞ்சள் இளகியிருக்கும்போது எடுத்துத் தயிர் மேல் வை. வெண்ணெயை உருக்கி, அடுப்பை அணைத்தபின் மிளகாய்த்தூள் போட்டு, சூட்டோடு ஊற்று. அடுப்பெரியும்போதே தூளைப் போட்டுக் கருக்கிவிடுவாய் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். துருக்கி மிளகாய்க்குக் காரம் குறைவு. நீ காஷ்மீரி மிளகாய்த்தூள் போடு. ரொட்டியால் வழித்துச் சாப்பிடு.

"மலைக்குளிரில் தயிரா? அதுவும் முட்டையோடா?" என்று அம்மா கேட்பாள். வாதாடாதே. பிரிட்ஜ் தயிராக இல்லாமல் குளிர்விட்ட தயிராக எடுத்து, சூடான முட்டையும் வெண்ணெயுமாக ஒரு கரண்டி ஊட்டிவிடு.

இனிப்புக்குப் பக்லாவா வேண்டுமாக்கும்? பெட்டியில் அடைத்துச் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதே. காசியான்டெப் நகரத்து பக்லாவாவுக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் குறியீடு கொடுத்தது. அந்தப் பக்கத்துப் பிஸ்தாவும் ஆட்டுப்பால் நெய்யும் சேர்ந்த ருசி அது. அதற்குப் பதிலாக, மலையைவிட்டு இறங்கும்போது பழனி வழியாக இறங்கு. அங்கே பஞ்சாமிர்தமும் அதே ரகம்: கீழ்மலையின் விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதுவும் 2019-இல் குறியீடு பெற்றது. விருப்பாச்சிப் பழத்தைக் குறைத்து எடைபோடாதே; முடிக்கொத்து நோய் வந்து கீழ்மலைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்த பிறகும் விவசாயிகள் விடாமல் காப்பாற்றிய பழம் அது. ருசி எந்த மண்ணில் தொடங்குகிறது என்று முதலில் கேள். பதார்த்தத்தின் பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

செய்து சாப்பிட்டுவிட்டு எழுது. சரியாக வரவில்லையென்றால், என் பேச்சை எந்த இடத்தில் கேட்காமல் விட்டாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அண்ணன்