அரிக்கமேட்டு வட்டிலும் அதன் மேற்கோலமும்

பொருள்களின் மேற்பரப்பைக் கோடும் புள்ளியும் இட்டு அழகுசெய்தல் பழமையான கைத்தொழில்களுள் ஒன்று. அதன் நோக்கங்கள் இரண்டு. துப்பாக்கியின் மரக்கட்டையிற் கைபிடிக்கும் இடத்தே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு செதுக்குவது, வியர்த்த கையினின்று அது வழுவாதிருத்தற்பொருட்டு. அக்கட்டையின்மீதே வண்ணம் பூசிச் சலவைக்கல்லின் வரிகளைத் தோற்றுவிப்பது கண்ணின் களிப்புக்கு. முன்னது பயன் கருதியது. பின்னது அழகு கருதியது. பின்னதில் ஓர் இடர் உண்டு. பூச்சின் கீழுள்ள மரம் யாதென்று காண்பார் அறியார். மேற்கோலம் உட்பொருளை மறைத்துவிடுகின்றது. மரத்திற்கன்றி மண்ணுக்கும் இது பொருந்தும் என்பதை அரியாங்குப்பத்துச் சான்றொன்றால் ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கு அகழ்ந்தபோது, ரௌலெட்டட் மட்கலம் எனத் தொல்லியலார் வழங்கும் வட்டில்கள் பல துண்டுகளாகக் கிடைத்தன. அகன்ற அவ்வட்டிலின் உட்புற அடியில், முக்கோணமும் புள்ளியும் போன்ற நுண்ணிய பதிவுகள் இரண்டு மூன்று வளையங்களாகச் சூழ்ந்திருக்கும்.

அவை அமைந்த வகை வருமாறு: அரித்தெடுத்த மென்களிமண்ணைத் திகிரியில் வனைந்து, பாதி உலர்ந்து தோல்போற் பதமானபின் மீண்டும் சுழற்றுவர். அப்பொழுது பல் வைத்த சிற்றுருளையை மெல்ல அழுத்தின் பதிவுகள் வரிசையாக விழும். வளையுந் தகடொன்றைச் சாய்த்துப் பிடிப்பின், அது துள்ளித் துள்ளி அத்தகைய பதிவுகளையே உண்டாக்கும் என்பாரும் உளர். நுண்மண் குழம்பு பூசிச் சூளையிலிடக் கலம் பளபளக்கும்.

இவ்வேலைப்பாட்டை நோக்கிய வீலர், இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலமும் அங்கே கிடைத்தமையின், இம்முறை மத்தியதரைக் கடற் பகுதியினின்று வந்ததெனக் கருதினார். கோலத்தைக் கண்டு கலத்தின் குலத்தைத் துணிந்தவாறு இது.

பிற்காலத்தார் கோலத்தை விடுத்து மண்ணையே வினவினர். 1997-ஆம் ஆண்டில் விசுவாஸ் கோக்தே என்னும் ஆய்வாளர், எக்ஸ் கதிர் கொண்டு களிமண்ணின் கனிமங்களை ஆராய்ந்து, இக்கலங்களின் மண் வங்காளத்துச் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதிகளுக்குரியது என்றார். இலங்கையின் அநுராதபுரத்தும், பாலித்தீவின் செம்பிரானிலும், எகிப்தின் பெரனிகே துறையிலும் இத்தகைய கலங்கள் கிடைத்துள்ளன. நுட்பத்தின் பிறப்பிடம்பற்றி அறிஞர் இன்னும் வழக்காடுவர்; ஆயினும் கலம் இந்திய மண்ணாற் சமைந்ததென்பது இன்று பெரும்பாலார் துணிபு. மேலைநாட்டார்க்கு வரவாக எண்ணப்பட்டது கீழைக்கடல் வணிகத்தின் செல்வமாக விளங்கிற்று. பெயரறியாக் குயவர்க்கு உரிய புகழ் அவர்க்கே மீண்டது.

ஆதலின், புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காணச் செல்லும் மாணவர், ஓட்டின் பளபளப்பை மட்டும் நோக்கி அமையாது அதன் உடைந்த விளிம்பையும் உற்று நோக்குவாராக. பூச்சு மறைப்பதை உடைவு காட்டும். தோற்றத்தின்படி தீர்ப்பிடலாகாது என மறைநூல் நமக்குக் கற்பித்த நெறி, ஓட்டுத் துண்டை ஆராய்வார்க்கும் உரிய நெறியே.