வில் இல்லாத கார்

பிரெஞ்சு நாட்டுச் சித்ரோவன் நிறுவனம் 1955 முதல் 1975 வரை செய்த டி.எஸ். காரின் சக்கரங்களுக்கு இரும்பு வில் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எஃகுக் கோளங்கள் உண்டு. கோளத்தின் நடுவே ரப்பர் சவ்வு; ஒரு புறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். எண்ணெய் அமுங்காது, வாயு அமுங்கும். ஆகவே உண்மையான வில் வாயுவே.

இதை அறிந்தவர்க்கு வீட்டிலேயே பழுதை ஆராய்வது எளிது. பழைய கார் சரியான உயரத்தில் நின்றும் கட்டை வண்டிபோல் குலுக்குகிறதா? எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. நாளடைவில் வாயு சவ்வின் வழியே கசிந்திருக்கும். கோளத்தில் மீண்டும் வாயு ஏற்றுவிக்க வேண்டும். அல்லது கோளத்தையே மாற்ற வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் வேறெங்கோ ஒழுக்கு என்று பொருள். நிரப்புமுன் வகையைப் பாருங்கள். 1966-இல் பச்சை நிறத் தாது எண்ணெய் புகுந்தது. அதற்கு முந்திய திரவம் வேறு. இரண்டும் கலந்தால் ரப்பர் உறுப்புகள் கெடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கோளத்தைக் கழற்றுமுன் எண்ணெயின் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அழுத்தம் இறங்கினால் கார் தரையோடு படிந்துவிடும். ஆதலின் உறுதியான தாங்கிகளை நிறுத்தாமல் அதன் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். காரினும் உயிர் பெரிதன்றோ!