மடி வளர்வது எப்படி?

செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரை ஊரான மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய அதன் பாறைச் சிற்பத்தில் ஓர் ஆயர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. அந்தக் கன்று கிடாரியானால் அதற்கும் சிறு மடி உண்டு. ஆனால் பால் இல்லை. ஏன்?

பிறந்த கன்றின் மடியில் சில குழாய்களே இருக்கும். பருவம் நெருங்கும்போது அவை மரம்போல் கிளைவிடும். சினைக் காலத்தில் கிளை நுனிகளில் பால் சுரக்கும் நுண்ணறைகள் தோன்றும்.

கிளைவிடத் தூண்டுவது எது? சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். ஆனால் அது நேரே வேலையை முடிப்பதில்லை என்பதைச் சுண்டெலிகளில் கண்டறிந்தனர். ஈஸ்ட்ரோஜன் வந்ததும் குழாய்ச் செல்கள் 'ஆம்பிரெகுலின்' என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. இது ஒரு வளர்ச்சிக் காரணி. இதன் இனத்தைச் சேர்ந்த மேல்தோல் வளர்ச்சிக் காரணியை ஸ்டான்லி கோஹன் 1962-இல் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளர்ச்சிக் காரணி செல்லுக்குள் புகுந்து செய்தி சொல்வதில்லை. செல்லின் சவ்வில் 'ஏற்பி' என்னும் புரதம் பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக நிற்கிறது. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் காரணி அதில் பொருந்தியதும், இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உட்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றும். அங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை அடையும்.

இந்த ஏற்பி எங்கே தேவை? குழாயிலா, அதைச் சூழ்ந்த திசுவிலா? 1999-இல் வெளியான ஆய்வில், ஏற்பி இல்லாத குழாயைச் சாதாரணத் திசுவோடு சேர்த்து எலியின் உடலில் வளர்த்தனர். குழாய் வளர்ந்தது. சாதாரணக் குழாயை ஏற்பி இல்லாத திசுவோடு சேர்த்தபோது வளரவில்லை. ஆகவே, குழாய் அனுப்பும் செய்தியை அண்டைத் திசு கேட்டுப் பதில் சொன்னால்தான் குழாய் வளர்கிறது.

இதே ஏற்பிக் குடும்பத்தில் ஒன்று ஹெர்-2. மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு ஏறத்தாழ 15 முதல் 20 வரையானவற்றில் இது அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. சாவி வராமலே ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, 'பெருகு' என்று செல்லை ஓயாமல் ஏவுகின்றன. ஹெர்-2 ஏற்பியைப் பற்றி அடக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று அது நம் நாட்டிலும் பயன்படுகிறது.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லுங்கள்.