இரட்டை ஓடத்துக்கு மோட்டாரும் சுக்கானும்

ஆங்கிலேயர் கூறும் 'கற்றமரான்' என்ற சொல் எமது கட்டுமரத்திலிருந்து சென்றதே. ஆனால் பொருள் வேறு. எமது கட்டுமரம் மரக்குற்றிகளைச் சேர்த்துக் கட்டுவது. அவர்களுடையதோ, பசுபிக் தீவு மக்களின் முறைப்படி, ஒடுங்கிய இரண்டு ஓடங்களைக் குறுக்குமரங்களால் இணைப்பது. ஜேம்ஸ் வாரம் என்னும் ஆங்கிலேயர் 1954இல் அத்தகைய ஒன்றைத் தம் கையாலேயே கட்டி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். பின்னர் அவர் வரைந்த படங்களைக் கொண்டு, படகுத் தொழில் அறியாத பலரும் ஒட்டுப்பலகையில் தமக்கென ஓடம் கட்டினர்.

கட்டி முடிந்ததும் எழும் கேள்வி, மோட்டாரை எங்கே பூட்டுவது என்பதாகும். காற்றுள்ளபோது பாய் போதும். காற்று விழுந்து, துறைமுக வாயிலில் நீரோட்டம் பாறைப் பக்கம் இழுக்கும்போதே மோட்டார் வேண்டும். அவ்வேளை ஓடம் திரும்பாவிட்டால் பல வருட உழைப்பு சில நிமிடங்களில் நொறுங்கிவிடும்.

செலவைக் கருதிப் பலர் ஒரே வெளியிணைப்பு மோட்டாரை இரு ஓடங்களுக்கும் நடுவில் பூட்டுகின்றனர். உள்ளே இயந்திரம் பூட்டிய சாதாரண படகில், விசிறி தள்ளும் நீர் அதன் பின்னுள்ள சுக்கானில் மோதும். ஆகவே படகு வேகம் எடுக்குமுன்பே சுக்கான் வேலை செய்யும். இரட்டை ஓடத்திலோ சுக்கான்கள் இரு ஓடங்களின் பின்முனைகளில் உள்ளன. நடு விசிறியின் நீர் அவற்றைத் தொடுவதேயில்லை. மெதுவாகச் செல்லும்போது சுக்கானை எவ்வளவு திருப்பினும் பயன் சொற்பமே. எனவே மோட்டாரும் சுக்கானோடு சேர்ந்து திரும்புமாறு, கழற்றக்கூடிய ஒரு தண்டினால் இரண்டையும் இணைத்தல் வேண்டும்.

வசதியிருந்தால், ஓடத்துக்கு ஒன்றாக இரு மோட்டார்கள் பூட்டுவதே சிறந்தது என்பது எமது எண்ணம். லாண்ட்மாஸ்டர் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு சில்லின் கிளச்சை விட்டால் வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறதல்லவா? அவ்வாறே ஒரு மோட்டாரை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓடவிட்டால், இரட்டை ஓடம் நின்ற இடத்திலேயே சுழலும்.

விசிறி ஆழமாக இருப்பதும் அவசியம். அலையில் பின்புறம் எழும்பும்போது விசிறி காற்றை உறிஞ்சினால், இயந்திரம் அலறுமேயன்றி ஓடம் நகராது. ஆதலால் 20 அங்குல நெடுந்தண்டு மோட்டாரையோ, இன்னும் நீண்ட 25 அங்குலத்தையோ தெரிந்து, பின்விளிம்பில் அல்லாமல் சற்று முன்னே பூட்டுவர். பாயில் ஓடும்போது அதனை நீருக்கு மேலே தூக்கிவைக்கவும் வழி இருக்க வேண்டும்.

இரு சுக்கான்களின் கைப்பிடிகளையும் ஒரு குறுக்குத்தடி இணைக்கும். நேராகச் செல்லும்போது இரண்டும் சமாந்தரமாக நிற்கின்றனவா என அளந்து பாருங்கள். சிறிது கோணினாலும் அவை தடையாகவே இழுக்கும். குறுக்குத்தடியைப் பூட்டும் ஆணியை இலகுவில் கழற்றக்கூடியதாக வையுங்கள். ஒரு சுக்கான் முறிந்தால் அதை விடுவித்து, மற்றதால் கரைசேரலாம்.

பெற்றோல் தாங்கியை ஓடத்தின் உள்ளே வைக்கவே கூடாது. அதன் ஆவி காற்றிலும் பாரமானது. அடியில் தேங்கி, ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மேற்தட்டில், காற்றுப்படும் இடத்தில் கட்டி வையுங்கள்.