பரிசுப் புள்ளி கார்டு: கணக்குப் பார்த்து வாங்குவோம்



மசாலாப் பொடி, தையல், பெட்டிக்கடை, இட்லி மாவு என்று நம்மில் பலர் இன்று சொந்தத் தொழில் செய்கிறோம். வங்கிக்குப் போனால், "கிரெடிட் கார்டு வாங்கிக்கோங்கம்மா, வாங்குற சரக்குக்கெல்லாம் பாயின்ட் கிடைக்கும்" என்கிறார்கள். போனிலும் கூப்பிடுகிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எந்தக் கார்டு? இந்த மாதப் பாடம் இதுதான்.

முதலில் தெரிய வேண்டியது

ஏ.டி.எம். கார்டில் இருப்பது நம்ம பணம். கிரெடிட் கார்டில் இருப்பது வங்கியின் பணம். அதாவது கடன். ஆனால் கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது.

ஒரு கார்டுக்கு மாதம் 5ஆம் தேதி பில் போடுகிறார்கள், 25ஆம் தேதி கெடு என்று வைத்துக்கொள்வோம். மே 6ஆம் தேதி சரக்கு வாங்கினால் ஜூன் 25 வரை, 50 நாள் தவணை கிடைக்கும். அதே சரக்கை ஜூன் 4ஆம் தேதி வாங்கினால் 21 நாள்தான். ஆகவே பில் தேதிக்கு மறுநாள் சரக்கு எடுப்பது நல்லது. கடனுக்குச் சரக்கு கொடுத்து வசூலுக்குக் காத்திருக்கும் நமக்கு, பாயின்டைவிட இந்தத் தவணைதான் பெரிய லாபம்.

பாயின்டைப் பைசாவாக மாற்றுவோம்

"ஆயிரம் பாயின்ட்" என்றதும் ஆயிரம் ரூபாய் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாயின்டுக்கு எத்தனை பைசா என்று கேட்க வேண்டும்.

மசாலாப் பொடி செய்யும் ஓர் அக்கா மாதம் 20,000 ரூபாய்க்குக் கொள்முதல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000 ரூபாய். மூன்று கார்டுகள் அவர் முன்னால் இருக்கின்றன.

முதல் கார்டு: எல்லாச் செலவுக்கும் 100 ரூபாய்க்கு 1 பாயின்ட். ஒரு பாயின்ட் 25 பைசா. வருடத்தில் 2,400 பாயின்ட், அதாவது 600 ரூபாய். ஆனால் ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாய். மிச்சம் வெறும் 10 ரூபாய்!

இரண்டாம் கார்டு: கட்டணம் இல்லை. 1 சதவீதம் பணமாகவே திரும்பி வரும். ஆனால் சில செலவுகளுக்கு மட்டும்தான். கூரியர், பேக்கிங் கவர், போன் பில் என்று அக்காவின் செலவில் மாதம் 6,000 ரூபாய்தான் அதில் சேரும். வருடத்துக்கு 720 ரூபாய் கிடைக்கும்.

மூன்றாம் கார்டு: 5 சதவீதம்! ஆனால் சினிமா டிக்கெட், ஓட்டல், பெரிய துணிக்கடைக்கு மட்டும். அக்காவுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

பார்க்கப் பெரிதாக இருக்கும் சதவீதம் முக்கியமில்லை. நாம் எங்கே செலவு செய்கிறோமோ, அங்கே கிடைக்கிற சதவீதம்தான் முக்கியம். ஆகவே முதலில் மூன்று மாதக் கொள்முதல் நோட்டை எடுத்து, எந்தக் கடையில் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.

மண்டிக்காரர் என்ன சொல்கிறார்?

சில மொத்தக் கடைகளில் கார்டு தேய்த்தால் 2 சதவீதம் சேர்த்துக் கேட்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் விலையில் குறைக்கிறார்கள். 2 ரூபாய் கூடக் கொடுத்து 1 ரூபாய் பாயின்ட் வாங்குவது நஷ்டம்.

ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யு.பி.ஐ.யுடன் இணைத்து, போனிலேயே ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். ஆனால் கடைக்காரர் வைத்திருப்பது வியாபாரக் கணக்கின் க்யூ.ஆர். அட்டையாக இருக்க வேண்டும். அவருடைய சொந்தக் கணக்குக்கு இப்படிப் பணம் போகாது. கார்டு வாங்கும் முன் நம் மண்டியில் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய பள்ளம் எங்கே?

பில்லில் "மொத்தத் தொகை 20,000, குறைந்தபட்சத் தொகை 1,000" என்று இரண்டு எண் இருக்கும். 1,000 கட்டினால் போதும் என்று நினைப்பதுதான் ஆபத்து. மீதி 19,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 665 ரூபாய். வட்டிக்கு ஜி.எஸ்.டி. 120 ரூபாய். மொத்தம் 785 ரூபாய். சரக்கு வாங்கிய நாளிலிருந்து வட்டி போடுவதால் இது இன்னும் கூடும். இரண்டாம் கார்டில் வருடம் முழுக்கச் சேர்த்த 720 ரூபாய், ஒரே மாதத்தில் போச்சு! பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சரக்குக்கும் இலவசத் தவணை கிடையாது.

நம் குழுவின் உள்கடனுக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் அதே 19,000 ரூபாய்க்கு மாதம் 190 ரூபாய்தான். அந்த வட்டியும் நம் குழுவிலேயே சேருகிறது. எனவே கெடுவுக்குள் முழுசாகக் கட்ட முடியாது என்று தெரிந்தால், முன்கூட்டியே குழுவில் கேளுங்கள்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, எடுத்த அன்றைக்கே வட்டியும் ஆரம்பித்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? "முதல் வருடம் இலவசம்" என்றால் இரண்டாம் வருடம் எவ்வளவு?
2. ஒரு பாயின்ட் எத்தனை பைசா? எத்தனை மாதத்தில் காலாவதியாகும்?
3. பெட்ரோல், யு.பி.ஐ. செலவுக்குப் பாயின்ட் உண்டா?
4. மாத வட்டி எத்தனை சதவீதம்? தாமதக் கட்டணம் எவ்வளவு?
5. இந்தக் கார்டை வியாபாரக் கொள்முதலுக்குப் பயன்படுத்தலாமா?

வருமானச் சான்று இல்லாதவர்களுக்கு, வைப்புத் தொகையை ஈடாக வைத்துச் சில வங்கிகள் கார்டு தருகின்றன. உத்யம் பதிவு செய்த குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள தனிக் கார்டு தரப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதைப் பற்றியும் வங்கியில் கேளுங்கள். உத்யம் பதிவு இலவசம்தான்.

நமக்குள்ள உரிமை

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, நாம் கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது. பாக்கி இல்லாமல் கார்டை முடித்துத் தரச் சொன்னால் 7 வேலை நாளில் முடிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். புகாருக்கு வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. ஓ.டி.பி. கேட்டு யாராவது ஏமாற்றினால் உடனே 1930.

இன்னொன்று. கார்டு யார் பேரில் இருக்கிறதோ, கடன் அவர் தலையில்தான். வீட்டுக்காரரோ தம்பியோ தேய்த்தாலும் கட்ட வேண்டியவர் நாம்தான். கட்டாவிட்டால் நம் சிபில் மதிப்பெண் குறையும், நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். "உன் பேர்ல ஒரு கார்டு வாங்கிக் கொடு" என்று யார் கேட்டாலும், முடியாது என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

• நம் குழுவில் கார்டு வைத்திருப்பவர்கள் யார்? முழுத் தொகை கட்டுகிறார்களா, குறைந்தபட்சம் கட்டுகிறார்களா?
• ஒரு உறுப்பினரின் கொள்முதல் நோட்டை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். எழுதத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துக் காட்டுங்கள்.
• கட்டணமும் வட்டியும் போக மிச்சம் இருந்தால் மட்டும் வாங்குவோம். இல்லையென்றால் "வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்லுவோம்.