இன்னொரு நடை

தஞ்சாவூர் – கும்பகோணம் தடத்தில் 29 வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவன், ஓய்வுபெற்ற மூன்றாம் வருஷம் அசையாத சிமென்ட் தரையில் நிற்க முடியாமல் விழுந்தேன். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது கோலூன்றி நடக்கிறேன், பேசுகிறேன், இதை இடது கையால் எழுதுகிறேன். பக்கவாதம் வந்து புதிதாகப் படுத்திருக்கும் தம்பிக்கும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கும் பட்டறிந்ததைச் சொல்கிறேன். மருந்தை டாக்டர் சொல்வார். நான் சொல்வது மற்றவை.

1. மணி பார்த்து வையுங்கள்.

அன்று காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்தேன். மனைவி தைலம் தேய்த்தாள். வாய் கோணிய பிறகும் "வாயு" என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான் அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்: வாய் கோணினால், இரண்டு கையையும் தூக்கச் சொல்லி ஒன்று தானாகத் தாழ்ந்தால், பேச்சு குழறினால், உடனே 108. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வந்தது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதுவரை வீட்டிலிருக்கும் மாத்திரை எதுவும் வேண்டாம், ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம்.

2. கோளாறு கையில் இல்லை.

பார்க்க வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு வருவார். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கள் மட்டும் எனக்கு நாலு பேர். புறாவை விட்டுவிடுங்கள், அது பாவம். விழுந்தது கை, அடிபட்டது மூளை. மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது. ரத்தம் போகாமல் செத்த இடம் இனி பிழைக்காது. ஆனால் பிழைத்திருக்கும் மற்ற இடங்கள் அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். பாலம் உடைந்தால் வயலோர வழியாக பஸ்ஸைச் சுற்றி விடுவோமே, அப்படி. முதலில் குலுங்கும், நேரமாகும். ஓட ஓடத்தான் அந்தத் தடம் பாதையாகும்.

3. தண்ணீரிடம் ஜாக்கிரதை.

தொண்டையிலும் வாதம் இறங்கும். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்த பிறகே வாய்வழி எதையும் கொடுக்க வேண்டும். பலருக்குக் கெட்டியான கஞ்சி ஒழுங்காக இறங்கும், தண்ணீர் வழி தப்பி நுரையீரலுக்குள் போகும், பின்னாலேயே நிமோனியா வரும். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கேட்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்காதீர்கள். விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கும், அவருக்கே தெரியாது. விரலால் எடுத்துவிடுங்கள்.

4. கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

தூக்கிவிட வருகிறவர்கள் முதலில் பிடிப்பது விழுந்த கையைத்தான். தசை தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு நழுவிவிடும். அந்த வலி வாதத்தைவிடக் கொடுமை. இடுப்பைப் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்கடியில் தலையணை வையுங்கள். புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும்.

இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்யுங்கள். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில்.

5. நடையை எண்ணுங்கள்.

பஸ் ஒரு தடவை ஓடுவதை எங்கள் டிப்போவில் 'நடை' என்போம். ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று கணக்கு. பேச்சு கொஞ்சம் திரும்பியதும், படுக்கையில் கிடந்தபடியே "கை வந்துவிடுமா?" என்று எல்லாரையும் கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. பிறகு ஒரு நோட்டு வாங்கி, பதில் உள்ள கேள்விகளை மட்டும் எழுதினேன்: இன்று எத்தனை தடவை கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன்? எத்தனை தடவை டம்ளரைப் பிடித்தேன்? வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபி தம்பி வழி காட்டுவார். அவர் போன பிறகு நாம் ஓட்டும் நடைதான் கணக்கில் ஏறும்.

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதை வீணாக்காதீர்கள். ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்பார்கள், அதை நம்பாதீர்கள். என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது இரண்டாம் வருஷம்.

ஒருநாள் அந்தத் தம்பி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கைக்கும் நடுவில் நிறுத்தினார். நல்ல கையை அசைத்தால் கண்ணாடிக்குள் விழுந்த கை அசைவது போல் தெரிந்தது. கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் மாயவலிக்காக நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ட உத்தி அது. பிறகு அதை வாதத்துக்கும் பழக்கினார்கள். என் கை அதனால் மட்டும் வரவில்லை. ஆனால் அந்தக் கையை மறுபடி என்னுடையதாக நினைக்க வைத்தது அதுதான்.

6. தங்கையே, கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஒரு பட்டன் போட பத்து நிமிஷம் ஆகும். என் மனைவிக்கு மனசு கேட்காது, வந்து போட்டுவிடுவாள். அன்பில் தப்பில்லை, ஆனால் என் நடை ஒன்று ரத்தாகிவிடும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள்: நான் பட்டன் போட ஆரம்பித்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விடுவாள்.

உங்களுக்கும் ஒன்று: வாரத்தில் ஒரு மாலை வேறு யாரையாவது உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய்வாருங்கள். ஒரே டிரைவர் ராத்திரி பகல் ஓட்டினால் வண்டி என்னவாகும்?

7. இடது கையால் சாப்பிடக் கூசாதீர்கள்.

வலது பக்கம் விழுந்தவருக்கு நம் ஊரில் இருக்கும் தனித் துக்கம் இது. பீச்சாங்கையால் சோற்றைத் தொடுவதா? யாருக்காவது காசு கொடுப்பதா? இரண்டு வருஷம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் உட்காரவில்லை. என் அக்காள் மகன் கல்யாணத்தில் அக்காவே பக்கத்தில் உட்கார்ந்து தானும் இடது கையால் பிசைந்தாள். பாதிச் சோறு இலைக்கு வெளியே போயிற்று. நான் சிரித்துச் சாப்பிட்டேன். கோயிலில் தீர்த்தம் வாங்க வலது கையை நீட்டி, அடியில் இடது கையால் தாங்கிக்கொள்கிறேன். குருக்கள் பொறுமையாக ஊற்றுகிறார்.

8. பேச்சு போனாலும் அறிவு போகவில்லை.

பலருக்கு எல்லாம் புரியும், சொல் மட்டும் வராது. அவர் செவிடில்லை, கத்தாதீர்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டும்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். என் மனைவி பெயரே என் வாயில் வராத நாளில், ஒரு மதியம் மகன் "பசுபதிகோவில்" என்று சும்மா எடுத்துக்கொடுத்தான். ஐயம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோவில், தாராசுரம், கும்பகோணம் என்று வரிசையாக ஓடியது வாய். பலமுறை சொல்லிப் பழகிய வரிசை மூளையில் வேறு விதமாகத் தங்குகிறது. எண்கள், கிழமைகள், பிடித்த பாட்டு, சுலோகம், எது வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

9. அழுகை வந்தால் வரட்டும்.

வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்குவதும் மூளைக் காயத்தின் வேலைதான். அது கோழைத்தனம் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. பல் தேய்த்ததற்கே உடம்பு அசந்து போகும், படுத்து எழுந்திருங்கள்.

10. நன்றாக இருக்கும்போதும் மாத்திரை.

எனக்கு வாதம் வந்ததே, தலைசுற்றல் நின்றுவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நானே நிறுத்தியதால்தான். ஊறுகாயும் அப்பளமும் எனக்கு இப்போது வாசனையோடு சரி. பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள். போய் வாங்க முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. கூச்சப்படாமல் கேளுங்கள்.

11. வராததும் உண்டு.

டிக்கெட் கிழிக்கும் விரல் எனக்குத் திரும்பவில்லை. மூடுகிற விரல்கள் விரியத்தான் அடம்பிடிக்கின்றன. போன மாதம் பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன். பாக்கிச் சில்லறையை வேண்டுமென்றே வலது கையை நீட்டி வாங்கினேன். ஒரு ரூபாய் நழுவி சீட்டுக்கடியில் உருண்டது. இளம் கண்டக்டர் குனியப் போனார். "இருக்கட்டும் தம்பி, இறங்கும்போது நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

எடுத்தேன். அன்றைக்கு அந்த நடை இரண்டு நிமிஷம் தாமதம். டிரைவர் தம்பி மன்னிக்க வேண்டும்.