கணக்கையும் சேர்த்து அனுப்பு, மாப்பிள்ளை



"கம்ப்யூட்டரே போட்ட மெட்டுன்னு சொல்லித்தான் அனுப்புறேன் மாமா, ஒருத்தரும் காது கொடுக்க மாட்டேங்கிறாங்க. இதே கிறுக்குப் பிடிச்சவங்ககூட ஒரு வரி எழுத மாட்டேங்கிறாங்க. என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே நீ அனுப்பிய கோப்புகளைத் திறந்தபோதே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அள்ளிக் கொட்டியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பெயர் 'அவுட்புட்', பக்கத்தில் ஒரு எண். எதை முதலில் கேட்பது, எது என்ன ராகம், எந்த விதியில் பிறந்தது என்று ஒரு சொல் இல்லை. கடைசியில் மட்டும் "எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி. எது எப்படி இருக்கிறது, ராசா?

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் இதைப் போடுவதை நிறுத்து. உன் அத்தை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது பாட்டைக் கேட்டுவிட்டு இல்லை. பிள்ளை ஏதோ அனுப்பியிருக்கிறானே, சும்மா விட்டால் முகம் வாடிவிடுமே என்றுதான். "சினிமாவுல எப்ப வரும்?" என்று கேட்ட பெரியப்பா மேலும் தப்பில்லை. அவர்கள் உறவுக்காரர்கள், ரசிகர்கள் இல்லை. உனக்கு வேண்டிய ஆள் கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ டொரண்டோவிலோ இருக்கிறார். உன்னைப் போலவே ராத்திரி கண் விழித்து நிரல் எழுதி, எண்களை ஸ்வரமாக்கிக்கொண்டிருப்பவர். அவருக்குப் பாட்டு மட்டும் போதாது. அது எப்படி வந்தது என்றும் தெரிய வேண்டும். நீ சத்தத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் கணக்கைப் பையில் வைத்துக்கொண்டாய். அவர் வாய் திறக்காமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

இதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். உன் ஊர் ஆயக்குடியில் பஸ் ஏறினால் பழனி. அந்த ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டுதான் பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம் வாசித்தார். இடக்கைக்காரர். அப்பா முத்தையா பிள்ளையும் லயத்தில் பெரிய ஆள். பிள்ளைவாள் 1962-ல் போய்ச் சேர்ந்தார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அந்தப் பாணியைக் கனடாக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பழனிக் கணக்கு கடல் தாண்டியது வாயால் சொல்லும் சொல்லாக, கையால் போடும் தாளமாக. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறார், கோர்வை தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழுந்ததும் தலையை ஆட்டுகிறாரே, ஏன்? விதி அவருக்கும் தெரியும். எங்கே போய் விழப்போகிறது என்று அவரும் கூடவே எண்ணிக்கொண்டிருக்கிறார். தெரியாதவர் அந்த நேரத்தில் கேன்டீனுக்குப் போகிறார். உன் பாட்டுக்கு நீ வைத்திருக்கிற கூட்டம் முழுக்கக் கேன்டீன் கூட்டம், நீயே துரத்திவிட்டது.

சரி, விதியைச் சொல்வது என்றால் எப்படி? முப்பது பக்கம் எழுதவா என்று முனகாதே. ஒரு தபால் கார்டில் அடங்க வேண்டும். இதைப் பார். ஆதி தாளம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32. 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு இடத்திலும் ஒரு மாத்திரை சும்மா விட்டால் 17. 32-ல் 17 போனால் மீதி 15. அந்தப் பதினைந்தைக் கம்ப்யூட்டரிடம் கொடு. 3, 5, 7 என்று பிரித்துக்கொள்ளட்டும், 4, 4, 7 என்று பிரித்துக்கொள்ளட்டும், அதன் பாடு. அடுத்த ஆவர்த்தனத்தில் இடைவெளியை இரண்டு மாத்திரையாக்கு. முடிவு 19 ஆகிவிடும், இயந்திரத்துக்கு மிஞ்சுவது 13. மூன்றாவதில் இடைவெளி மூன்று. முடிவு 21, மிச்சம் 11. சுற்றுக்குச் சுற்று இயந்திரத்தின் சுதந்திரம் சுருங்குகிறது, மௌனம் விரிகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் சமம் தப்பாது, ஆனால் ஒரு முறை வந்ததே மறுமுறையும் வரும் என்று சொல்ல முடியாது. இந்த நாலு வரியைப் பாட்டுக்கு மேலே எழுதி அனுப்பு. டொரண்டோக்காரர் முதலில் வாசிப்பார், பிறகு விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்பார். இடைவெளி மூன்று மாத்திரையாக விரியும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்காது, அவ்வளவுதான் குறை.

கூடவே இரண்டு சில்லறை விஷயம். ஸ்ருதி எத்தனை கட்டை என்று எழுது. ரேண்டமாக எண் எடுக்க நிரலுக்கு ஒரு தொடக்க எண் கொடுப்பாயே, 'சீட்' என்பாயே, அதையும் எழுதி வை. அதே நிரலில் அதே எண்ணைப் போட்டால்தான் அதே பாட்டு திரும்ப வரும். எழுதி வைக்காவிட்டால் நேற்று ராத்திரி வந்த அந்த அற்புதமான மூன்றாவது சுற்று போனது போனதுதான். அப்புறம் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தாதே.

"விதிதான் முக்கியம்னா எல்லா அவுட்புட்டையும் அனுப்பினா என்ன மாமா? இயந்திரம் போட்டதுல நான் கை வைக்கலாமா?" என்று கேட்பாய். தாராளமாகக் கை வை. உங்கள் ஊர்க் கொய்யாச் சந்தையில் பறித்ததை அப்படியே கொட்டி விலை கேட்பவர் யாராவது உண்டா? பெருவெட்டு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், அடிபட்டது தனியே என்று பிரித்துவிட்டுத்தான் பேச்சு. மரம் காய்த்ததுதான், பிரித்த கை உன்னுடையது. உன் காது எதைப் பிடித்தது என்று காட்டாமல் அனுப்பினால், பிரிக்கும் வேலையை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டுகிறாய். அவர் ஏன் சுமக்க வேண்டும்?

வேங்கடமகியைவிடப் பெரிய கணக்கரா நீ? 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு மத்யமம், ஸ்வர வரிசையின் மேல்பாதியில் ஆறு விதம், கீழ்ப்பாதியில் ஆறு விதம் என்று பெருக்கி 72 மேளம், அதாவது தாய் ராகம், என்று வகுத்தார். அந்த மனிதரே தம் காலத்தில் வழக்கிலிருந்த 19 மேளங்களை மட்டும்தான் எடுத்து விவரித்தார். மீதிக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் குடியேற்றினார்கள். கோடீஸ்வர ஐயர் 'கந்த கானாமுதம்' என்று 72-க்கும் தமிழில், அதுவும் நம் முருகன் மேலேயே, கீர்த்தனை போட்டார். நீயோ ஒரு மேளத்துக்கு ஆரோகணம் 22 விதம், அவரோகணம் 22 விதம், பெருக்கினால் 484, அதை 72-ஆல் பெருக்கி 34,848 ராகம் கண்டுபிடித்தேன் என்று மார் தட்டுகிறாய். அதில் மோகனம் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாயா? மத்யமமும் நிஷாதமும் இல்லாத ராகம் அது. ஹரிகாம்போதி, சங்கராபரணம், வாசஸ்பதி, கல்யாணி நான்கிலிருந்தும் அதே மோகனம்தான் விழும். ஒரே ஆளை நான்கு வாசல் வழியாக வரவிட்டு நான்கு பேர் என்று எண்ணியிருக்கிறாய்.

வரிசை மாற்றி அடுக்குவது என்பதும் புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் ஏழு ஸ்வரத்தை 5040 விதமாக அடுக்கலாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. இத்தனையாவது வரிசை எது, இந்த வரிசை எத்தனையாவது என்று கண்டுபிடிக்க ஒரு கட்டமும் போட்டுக் கொடுத்தார். கட்டத்தைக் கொடுத்தார், கவனி. 5040-ஐயும் எழுதி யார் தலையிலும் கொட்டவில்லை.

வெளியூர்க் கதையும் இதேதான். 1957-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்து இலியாக் கம்ப்யூட்டரை வைத்து ஹில்லர், ஐசக்சன் இருவரும் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இசை உருவாக்கினார்கள். ஹில்லர் ரசாயனம் படித்தவர். எண்களை ரேண்டமாக எடுப்பது, இசை விதிக்கு ஒத்து வராததைத் தள்ளுவது, ஒத்து வந்ததைச் சேர்ப்பது, இவ்வளவுதான் முறை. கேட்க அப்படியொன்றும் உருக வைக்காது என்பது என் கட்சி. ஆனால் 1959-ல் செய்த முறை முழுவதையும் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். அவர்களைப் பற்றி நாம் இன்னும் பேசுவது அந்தப் புத்தகத்தால்தான். இதற்கு நேர் எதிர்க்கதை நம் நாட்டில். 1969-ல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று நம் ஆட்கள் 1972 வரை அதில் மின்னணு இசை செய்தார்கள். ஒலிநாடாக்கள் அங்கேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடி எடுத்து, 2023-ல்தான் அவை தட்டாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு! அன்றைக்கே அவை நாலு ஊருக்குப் போயிருந்தால், உன்னைப் போன்றவன் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்காது.

"கணக்கைச் சொல்லிட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்." இதுதானே உள்ளூர உனக்கு இருக்கும் பயம்? எடுத்துக்கொண்டு போகட்டுமே. 2011-ல் பின்லாந்துக்காரர் வில்லே-மத்தியாஸ் ஹைக்கிலா ஒரு வேடிக்கை செய்தார். நொடிக்கு 8000 முறை ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். அதைப் பெருக்கி, இடம் தள்ளி, வெட்டி, அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரே ஒரு வரி நிரல். ஸ்வரம் என்று ஒன்றும் எழுதவில்லை, ஆனால் மெட்டும் தாளமும் கேட்கிறது. 'பைட்பீட்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வரியைப் பார்த்தவரெல்லாம் ஓர் இலக்கத்தை மாற்றிப் புதிய வரியைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் பூட்டு போட்டு வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பூட்டுக்குத் திண்டுக்கல் இருக்கிறது, உனக்கு எதற்கு அந்தத் தொழில்?

இன்னொன்றும் கேட்பாய் என்று தெரியும். "இப்ப ஏஐ-கிட்ட ரெண்டு வரி சொன்னா முழுப் பாட்டே வருதே மாமா, நான் ஏன் 17-ஐயும் 15-ஐயும் கட்டி அழணும்?" வரட்டும், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "மூன்றாவது சுற்றில் ஏன் இடைவெளி விரிந்தது?" என்று ஒருவர் கேட்டால் உன்னிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்காகத்தான் நிரல் எழுதி மெட்டுப் போடுகிறவர்கள் கூட்டமே கூடுகிறது.

தோடிக்கு வருவோம். வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். நீ அனுப்பியதில் பத்துப் பன்னிரண்டு தோடி என்று எழுதியிருந்தாய். காந்தாரம் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கிறது. தோடிக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாக ஆடாவிட்டால் அது தோடியே இல்லை, அழைப்பு மணி. ஸ்வரத்தை எண்ணாக எழுதுவது சுலபம். இந்த ஆட்டத்தை, அதாவது கமகத்தை, எழுதுவதில்தான் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். சென்னையில் எம். சுப்ரமணியன் ஸ்வரத்தைத் தட்டச்சு செய்தால் கமகத்தோடு ஒலிக்க வேண்டும் என்பதற்காக 'காயகா' என்ற மென்பொருளைச் செய்தார். அவரே தோடிக் காந்தாரம் எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து அளந்து பார்த்து எழுதினார். அதைப் படித்துவிட்டு வா. அதுவரை மோகனம், ஹம்ஸத்வனி மாதிரி நேராக நின்றாலும் ஓரளவு தாங்கும் ராகங்களில் விளையாடு. இல்லையென்றால் தாளத்தை மட்டும் வைத்துக்கொள். இன்னொன்று, யாரோ ஒரு நாதஸ்வர வித்வானின் பதிவிலிருந்து ஒலியை வெட்டி ஒட்டியிருக்கிறாயே, அதை அனுமதி வாங்காமல் வெளியில் விடாதே. இதில் விவாதமே கிடையாது.

பதில் வந்தால் என்ன செய்வது என்பதிலும் நீ சறுக்குவாய், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "இரண்டாவது சுற்று இழுக்கிறது" என்று ஒருவர் எழுதுவார். உடனே அந்த ஒலியை வெட்டித் திருத்தப் போவாய். கூடாது, விதியைத் திருத்து. 1980-களில் ஜேம்ஸ் கிப்பன் லக்னோவில் உஸ்தாத் அஃபாக் ஹுசேன் கானிடம் தபலா கற்றார். பெர்னார் பெல் அவரோடு சேர்ந்து 'போல் புராசஸர்' என்று ஒரு நிரல் எழுதினார். ஆப்பிள் கம்ப்யூட்டர் காய்தா என்ற தபலா அமைப்புக்குப் புதுப்புது விஸ்தாரம் போடும்; உஸ்தாத் சரி என்பார், இல்லை என்பார். இல்லை என்றால் அந்த விஸ்தாரத்தை ஒட்டுப்போடாமல் அதைப் பெற்ற இலக்கணத்தையே மாற்றினார்கள். எந்த இடத்தில் ஒரு கலைஞர் தலையை இல்லை என்று ஆட்டுகிறாரோ, அங்கே அவரே அதுவரை வாயால் சொல்லாத ஒரு விதி ஒளிந்திருக்கிறது. உன்னைக் குறை சொல்கிறவரும் அப்படித்தான். அவரோடு சண்டைக்குப் போகாமல், எந்த மாத்திரையில் இழுத்தது என்று கேள்.

அடுத்தவர் அனுப்புவதையும் கேளப்பா. நீ கேட்பதே இல்லை என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தில் இன்னொருவர் பாட்டைப் பற்றி அரை வரி இல்லை. உனக்குக் காது கொடுக்கச் சொல்லி உலகத்தையே கேட்கிறாய், உன் காதை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறாய். ஒருவர் பாட்டை முழுக்கக் கேட்டு, "உங்கள் விதி எனக்கு இப்படிப் பட்டது, சரியா?" என்று இரண்டு வரி எழுதிப் பார். அவர் உன் பாட்டை எப்படித் திறக்கிறார் என்று அப்புறம் சொல்.

இந்த வாரம் ஒரே ஒரு பாட்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மேலே நாலு வரி விதி, ஸ்ருதி, சீட் எண், கீழே நிரல். 15, 13, 11 கணக்கையே எடுத்துக்கொள், எனக்குக் கோபமில்லை. முதலில் எனக்கு அனுப்பு, தாளம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தோடியை மட்டும் இப்போதைக்குத் தொடாதே.

அன்புடன்,
மாமா